பின்பக்கத்து வட்டம்

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வைத்திருந்த பெயர் தள்ளுபடி. கடை வாசலில் எழுதிப் போடுகிற தள்ளுபடி இல்லை. மனுவைத் தள்ளுபடி செய்கிறார்களே, அந்தத் தள்ளுபடி. தபாலில் வருகிற இரத்த அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, வெள்ளை விளக்குக்குக் கீழே பிடித்துப் பார்த்து, சோதனைக்கு ஆகுமா ஆகாதா என்று சொல்வது அவள் வேலை. ஆகும் என்றால் பச்சைத் தட்டு, ஆகாது என்றால் சிவப்புத் தட்டு. பச்சைத் தட்டு பெரும்பாலும் காற்று வாங்கிக்கொண்டிருக்கும். சிவப்புத் தட்டு நிரம்பி வழியும்.

காலையில் அவள் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு உட்காரும்போதே, உறைகளைப் பிரித்து அட்டைகளை எடுத்துக் கொடுக்கும் பதிவு மேசைக்காரர் ஆரம்பித்துவிடுவார். "வந்தாச்சு தள்ளுபடி. இன்னிக்கு யார் யார் தலை உருளப் போகுதோ!"

"ஒழுங்கா அனுப்பினா நான் ஏன் சார் தள்ளப் போறேன்?" என்பாள் அவள். அந்தப் பட்டப்பெயரில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. கறார்ப் பேர்வழி என்று நாலு பேர் சொன்னால் கசக்குமா என்ன?

அட்டை யோசனை என்னவோ நல்ல யோசனைதான். சிறுநீரகம் மாற்றி வைத்துக்கொண்டவர்கள் ஆயுசுக்கும் மாத்திரை விழுங்க வேண்டும். இரத்தத்தில் அந்த மருந்து குறைந்தால், உடம்பு புதுச் சிறுநீரகத்தை வெளியாளாகப் பார்த்து மல்லுக்கு நிற்கும். கூடினால் மருந்தே சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதனால் அளவை அடிக்கடி பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இதற்காக எங்கெங்கிருந்தோ பஸ் பிடித்து வந்து, வரிசையில் உட்கார்ந்து, ஊசிக்குக் கையை நீட்டிவிட்டு, அன்றைய பிழைப்பைக் கெடுத்துக்கொண்டு திரும்பிப் போவார்கள். அட்டை வந்தபிறகு அந்தப் பாடு இல்லை. காலை மாத்திரைக்கு முன்னால் வீட்டிலேயே விரல் நுனியில் ஒரு குத்து. தடித்த வெள்ளைத் தாளில் அச்சடித்திருக்கும் வட்டங்களில் வட்டத்துக்கு ஒரு சொட்டு. நிழலில் காயவைத்து, உறையில் போட்டு, தபால் பெட்டியில் தள்ளிவிட்டு வேலையைப் பார்க்கலாம். காய்ந்த பொட்டிலிருந்து சின்ன வில்லை ஒன்றை வெட்டி எடுத்து இயந்திரத்தில் போட்டால் மருந்தின் அளவு வந்துவிடும்.

சொல்வதற்கு எல்லாம் சுலபம். செய்யும்போதுதான் கூத்து. ஒருவர் ஈரத்தோடு மூடி அனுப்புவார். அட்டை உறையோடு ஒட்டிக்கொண்டு வரவே மாட்டேன் என்று அடம் பிடிக்கும். இன்னொருவர் விரலைப் பிழி பிழி என்று பிழிந்து, இரத்தத்தைவிடச் சதைக்குள் இருக்கும் நீரை அதிகம் இறக்கியிருப்பார். ஓர் அம்மாள் சீக்கிரம் காயட்டும் என்று அட்டைக்கு இஸ்திரி போட்டிருந்தார். ஒருவர் வீட்டில் பூனை அட்டைமேல் நடந்து கையெழுத்துப் போட்டிருந்தது. இன்னொரு புண்ணியவான், உறையில் இருந்த முத்திரையைப் பார்த்தால் ஜெராக்ஸ் கடைக்காரர், அட்டை வழியில் நனைந்துவிடக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில் அதைப் பளபளவென்று லேமினேட் செய்து அனுப்பினார்.

ஒவ்வொரு கூத்துக்கும் அவள் செய்முறைத் தாளில் ஒரு வரி சேர்த்தாள். இஸ்திரி போட வேண்டாம். பூனை, நாய் எட்டாத இடத்தில் காயவைக்கவும். லேமினேட் செய்ய வேண்டாம். அரைப்பக்கமாக இருந்த தாள் இரண்டு பக்கமாகி, எழுத்து எறும்பு அளவுக்குச் சிறுத்துப்போயிற்று. "இதைப் படிச்சு முடிக்கறதுக்குள்ள குத்தின விரல் ஆறிப் போயிரும்" என்றார் பதிவு மேசைக்காரர். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எல்லாவற்றையும்விட அதிகமாக வருவது ஒரே தப்புதான்: சொட்டின் மேல் சொட்டு. ஊறிய இடத்திலேயே இன்னொரு சொட்டு விழுந்தால் அங்கே இரத்தம் இரட்டிப்பாகிவிடும். மருந்தும் இரட்டிப்பாகத் தெரியும். ஒரு வட்டத்துக்கு ஒரே சொட்டு என்று முதலில் சாதாரணமாக எழுதிப் பார்த்தாள். பிறகு தடித்த எழுத்தில் எழுதினாள். பிறகு அடிக்கோடு போட்டாள். ம்ஹூம். சனங்களுக்கு அலட்சியம், வேறொன்றுமில்லை என்று முடிவு கட்டிவிட்டாள்.

அந்த வாரக் கூட்டத்தில் பெரிய டாக்டர் பொறுமை இழந்துவிட்டார். சிறுநீரகப் பிரிவுக்கே தலைவி அந்த அம்மா. கோபம் வந்தால் குரல் உயராது, தணியும். அன்றைக்கு ரொம்பவே தணிந்திருந்தது.

"பாதிக்கு மேல குப்பைக்குப் போகுது. மிச்சத்தையும் நம்பறதுக்குப் பயமா இருக்கு. தப்பான அளவைப் பாத்து ஒருத்தருக்கு மாத்திரையைக் குறைச்சுட்டா, அப்புறம் அவங்களுக்கு யார் பதில் சொல்றது? இன்னும் ஒரே ஒரு தவணை பாக்கறேன். அப்பவும் இப்படியே வந்தா அட்டையை நிறுத்திருவோம். பழையபடி எல்லாரும் நேர்ல வரட்டும்."

எல்லோரும் தலையாட்டினார்கள். அவளும் ஆட்டினாள். ஆனால் மனசு வீட்டுக்கு ஓடியது.

காரணம், வீட்டில் இருக்கும் சின்னவள். தங்கைக்கும் சிறுநீரகம் மாற்றியிருந்தது. கொடுத்தது வேறு யாருமில்லை, இவளேதான். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு சின்னவள் வீட்டிலேயே இருந்து, தேறி, கன்னத்தில் சதை வைத்து, அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்குப் படம் வரையக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். இப்போது எங்கோ மலைமேல் இருக்கிற ஒரு பள்ளிக்கூடம் அவளை ஓவிய ஆசிரியையாகக் கூப்பிட்டிருந்தது. விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும்போது போய்ச் சேர வேண்டும். அங்கே ஆஸ்பத்திரி என்று சொல்ல ஒரு மருந்துக்கடைதான் உண்டு. ஆனால் தபால் ஆபீஸ் இருக்கிறது. "அட்டை ஒழுங்கா வந்தா தாராளமா போம்மா. வரலேன்னா இந்த ஊரை விட்டு நகரக் கூடாது" என்று பெரிய டாக்டர் சொல்லியிருந்தார். சின்னவள் அன்றைக்கே பெட்டியைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து வைத்துவிட்டாள்.

கூட்டம் முடிந்து வந்து உட்கார்ந்த அவள் கையில் நாலாவதோ ஐந்தாவதோ வந்தது அந்த அட்டை. அட்டையில் பெயர் இருக்காது, பார்கோடு மட்டும்தான். ஆனாலும் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. இவ்வளவு அழகாக வட்டத்தை நிரப்புகிற கை உலகத்தில் ஒன்றுதான் உண்டு. கோட்டுக்கு வெளியே ஒரு துளி பிசகவில்லை, உள்ளே ஓர் இடம் வெள்ளையாக விடவில்லை. குழந்தைகளின் ஓவியப் போட்டியில் முதல் பரிசு கொடுக்கலாம். சோதனைக்குத்தான் உதவாது. விளக்கில் சாய்த்துப் பிடித்தால் சொட்டின் மேல் சொட்டு அடுக்கடுக்காகத் தெரிந்தது.

சிவப்புத் தட்டில் போட்டாள். போட்ட கையோடு உள்ளுக்குள் என்னவோ லேசாயிற்று. போகமாட்டாள், இங்கேயே இருப்பாள் என்று ஒரு நிம்மதி. அப்படியொரு நிம்மதி வந்தது தெரிந்ததும் அவளுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது.

வீட்டுக்குள் நுழையும்போதே காற்று சரியில்லை. சின்னவள் கூடத்தில் தாளை விரித்துப் போட்டு எதற்கோ சாயம் பூசிக்கொண்டிருந்தாள்.

"வாங்க, தள்ளுபடி மேடம்."

"யாருடி சொன்னது உனக்கு அந்தப் பேரை?"

"உங்க ஆபீசுக்குப் போன் போட்டா அந்தப் பேரைச் சொல்லித்தானே கூப்பிடறாங்க. என் அட்டையையும் தள்ளியாச்சாமே. மெசேஜ் வந்துடுச்சு."

"அது உன்னுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? பேரா எழுதியிருக்கு அதுல?"

"தெரியும். உன் மூஞ்சில எழுதியிருக்கு."

அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். "வந்ததும் வராததுமா ஆரம்பிக்காதீங்கடி. அவ கை கால் கழுவட்டும்."

"கண்ணை மூடிக்கிட்டுப் பச்சைத் தட்டுல போட்டிருக்கலாம்ல?" என்றாள் சின்னவள்.

"போட்டா மருந்து அதிகமா இருக்கற மாதிரி காட்டும். டாக்டர் மாத்திரையைக் குறைப்பாங்க. குறைச்சா என்ன ஆகும்னு உனக்கு நான் வேற சொல்லணுமா?"

சின்னவள் தூரிகையைத் தண்ணீர்க் குவளையில் போட்டாள். "சரி, நான் ஒண்ணு சொல்லட்டுமா? நான் போறதே உனக்குப் பிடிக்கலை. நீ குடுத்த கிட்னி உன் கண்ணு முன்னாலயே இருக்கணும். அதுக்கு நீ காவல் இருக்கணும்."

"வாயை மூடுடி."

"குடுத்துட்டா குடுத்ததுதானேக்கா? அப்பப்ப வந்து, இருக்கா இருக்கான்னு தட்டிப் பாத்துக்கிட்டே இருப்பியா?"

இல்லவே இல்லை என்று அடித்துச் சொல்லத்தான் நினைத்தாள். ஆனால் சிவப்புத் தட்டுக்கு முன்னால் வந்த அந்த நிம்மதி குறுக்கே வந்தது. தட்டில் என்ன விழுந்தது, என்ன சாப்பிட்டோம் என்றே தெரியாமல் கை கழுவினாள்.

விடுமுறை நாள் காலையில் சின்னவள் அடுத்த அட்டையை எடுத்துக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாள். அக்கா எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"நீ எதுக்கு இங்க? நீ பக்கத்துல இருந்தா பரீட்சை ஹால் மாதிரி இருக்கு. சொட்டே வராது."

"நான் வாயே திறக்கமாட்டேன். பாக்கறேன், அவ்வளவுதான்."

"நீயா? வாயைத் திறக்கமாட்டியா? அம்மா, இங்க வந்து பாரேன், அதிசயம்!"

உண்மையைச் சொன்னால், இத்தனை அட்டைகளைத் தள்ளியவள், ஓர் ஆள் வீட்டில் உட்கார்ந்து ஓர் அட்டையை எப்படிச் செய்கிறார் என்று இதுவரை பார்த்ததே இல்லை. பார்க்கத் தேவை என்று தோன்றியதும் இல்லை.

சின்னவள் எல்லாவற்றையும் முறையாகத்தான் செய்தாள். வெதுவெதுப்பான தண்ணீரில் கையைக் கழுவினாள், துடைத்தாள், கையைத் தொங்கவிட்டு உதறினாள், விரலின் பக்கவாட்டில் குத்தினாள், முதல் சொட்டைப் பஞ்சால் துடைத்தாள். அடுத்த சொட்டு தானாகத் திரண்டு, முத்துப்போல நின்று, வட்டத்தின் நடுவில் விழுந்து பரவியது. அருமையான சொட்டு. அக்காவுக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது.

ஆனால் சின்னவளின் விரல் அங்கிருந்து நகரவில்லை. தலையைச் சாய்த்துப் பார்த்தாள். ஓரத்தில் ஒரு நூலளவு வெள்ளை. விரலை அங்கே கொண்டுபோய் மெல்ல ஒற்றினாள். அந்தப் பக்கம் கொஞ்சம் வெள்ளை. அங்கேயும் ஓர் ஒற்று.

"ஏய் ஏய் ஏய்! முடிஞ்சு போச்சேடி! அதான் சொட்டு விழுந்தாச்சே, இன்னும் என்ன பண்றே?"

"வாய் திறக்கமாட்டேன்னே."

"ஏன்டி மேல மேல வைக்கறே? தாள்ல அடிக்கோடு போட்டு எழுதியிருக்கேனே, படிக்கலையா?"

"படிச்சேனே. வட்டத்தை நிரப்பணும்னும் எழுதியிருக்கே."

அக்கா தாளைப் பிடுங்கிப் பார்த்தாள். எழுதியிருந்தது. அவளே எழுதியதுதான். ஒரே சொட்டு என்பதற்கு நாலு வரி மேலே, வட்டத்தை நிரப்பவும் என்று தெளிவாக எழுதியிருந்தாள்.

"ஒரு சொட்டுலயே நிரம்பணும்னு அர்த்தம். நிரம்பலேன்னா அடுத்த வட்டத்துக்குப் போயிடணும்."

"அக்கா, நான் டிராயிங் டீச்சர். கோடு போட்டு ஒரு வட்டத்தை எங்கிட்டக் குடுத்துட்டு, ஓரத்துல வெள்ளையை விட்டுட்டுப் போன்னா எப்படிப் போவேன்? கையே வராது. என்னை விடு, யாரால முடியும்? கோடுன்னு ஒண்ணு போட்டாலே, உள்ள நிரப்புன்னுதானே அது சொல்லுது!"

அக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சிவப்புத் தட்டு முழுக்க அவள் கண்முன்னே வந்தது. ஓரங்களில் வைத்த ஒற்றல்கள், மூலைகளுக்கு ஓடிய பொட்டுகள், பொறுமையாக வைத்த இரண்டாவது சொட்டு, மூன்றாவது சொட்டு. அலட்சியமா அது? விரலில் வலி இருக்க, அந்தக் கோடு சொன்ன சொல்லைத் தட்டாமல், அத்தனை பேரும் உட்கார்ந்து நிரப்பியிருக்கிறார்கள். அலட்சியக்காரர்கள் யாராவது இருந்திருந்தால் அவர்கள் அட்டைதான் பாஸாகியிருக்கும். முதலில் ஒரு சிரிப்பு வந்தது. அப்புறம் அடக்க முடியாமல் வந்தது. சின்னவளுக்குக் காரணம் புரியவில்லை, ஆனால் அக்கா சிரிப்பது தொற்றிக்கொண்டுவிட்டது. விரலில் பஞ்சை அமுக்கிக்கொண்டு அவளும் சிரித்தாள்.

"எதுக்குடி ரெண்டு பேரும் இப்படிச் சிரிக்கறீங்க?" என்று அம்மா வந்தாள்.

"அம்மா, நீ உக்காரு. உனக்கு ஒரு பரீட்சை" என்றாள் அக்கா. சின்னவளின் பெட்டியிலிருந்து சிவப்பு மை, ஒரு சொட்டுக் குழல், ஆய்வுக்கூடத்திலிருந்து கொண்டுவந்திருந்த காலி அட்டை ஒன்று எடுத்து வைத்தாள். ஒரு வட்டத்துக்கு ஒரே சொட்டு என்று உரக்கச் சொன்னாள். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு சொட்டு விட்டாள். பார்த்தாள். இருவரையும் ஓரக்கண்ணால் பார்த்தாள். பிறகு பொறுக்க முடியாமல், "இந்த இடம் மட்டும் கொஞ்சம்..." என்று இன்னொரு சொட்டு விட்டாள்.

இரண்டு பெண்களும் மேசையைத் தட்டிக்கொண்டு சிரித்தார்கள்.

"அப்ப கோட்டையே எடுத்துருவோம்" என்றாள் சின்னவள். அட்டைத் தாளில் வட்டமில்லாத பகுதியைக் கத்தரித்து, பென்சிலால் எள்ளளவு புள்ளி ஒன்று வைத்தாள். "இந்தப் புள்ளி மேல ஒரு சொட்டு விடும்மா."

அம்மா விட்டாள். மை தன் போக்கில் பரவி நின்றது. அம்மாவும் நின்றாள். கையைக் கட்டிக்கொண்டாள். ஒற்றுவதற்கு ஓரமே இல்லை.

"அது சரி," என்றாள் அம்மா, "போதுமா போதாதான்னு நான் எதை வச்சுத் தெரிஞ்சுக்கறது?"

நியாயமான கேள்வி. அதற்காகத்தானே வட்டமே போட்டது. அக்கா நெற்றியைத் தேய்த்தாள். சின்னவள் தாளைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்குக் காட்டினாள், திருப்பினாள், மறுபடி திருப்பினாள். படம் வரைகிறவளுக்குத் தாளின் முதுகைப் பார்க்கும் பழக்கம் உண்டு. எங்கே சாயம் அதிகமாக ஊறியது என்று அங்கேதான் தெரியும். மை அந்தப் பக்கம் வரை இறங்கியிருந்தது.

சட்டென்று எழுந்து போய்ப் பழைய அட்டைப் பெட்டி ஒன்றைக் கிழித்துக்கொண்டு வந்தாள். பிளேடால் அதில் வட்டமாக, ஜன்னல்போல ஓர் ஓட்டை போட்டாள். தாளுக்குப் பின்னால், புள்ளிக்கு நேராக அந்த ஓட்டை வரும்படி ஒட்டினாள்.

"வட்டத்தைப் பின்னால வை, அக்கா" என்றாள். "முன்னால புள்ளி மட்டும். சொட்டு விட்டுட்டுத் திருப்பிப் பாக்கணும். ஜன்னல் முழுக்கச் சிவப்பா இருந்தா போதும், முடிஞ்சுது. வெள்ளை தெரிஞ்சா அதை அப்படியே விட்டுட்டு அடுத்த புள்ளிக்குப் போயிடணும். பின்பக்கத்துல போய் யாரும் ஒத்த முடியாது."

அக்கா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இரத்தம் தாளின் முதுகு வரை ஊறியிருக்க வேண்டும் என்பதுதான் ஆய்வுக்கூடத்துக்கும் வேண்டும். அது இவ்வளவு காலமும் அவள் மட்டும் விளக்கில் பிடித்துப் பார்த்துத் தெரிந்துகொண்ட விஷயம். குத்திக்கொள்கிற ஆள் பார்ப்பதற்கு யாரும் வழி செய்யவில்லை. அவளும் செய்யவில்லை.

எழுந்து தங்கையை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"விடுக்கா, விரல்ல ரத்தம்."

"வரட்டும். என் ரத்தம்தான்."

"கிட்னிதான் உன்னுது. ரத்தம் என்னுது!"

அடுத்த நாள் அந்தக் கிழிந்த அட்டைப் பெட்டித் துண்டோடு அவள் பெரிய டாக்டர் அறைக்குள் நுழைந்தாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். சின்னவளின் அட்டை தள்ளப்பட்டதையும் மறைக்கவில்லை. டாக்டர் சிவப்பு மையை வாங்கி, பழையதிலும் புதியதிலும் தானே சொட்டு விட்டுப் பார்த்தார். புதியதைத் திருப்பினார். குரல் உயர்ந்தது. அந்த அம்மாவுக்குக் குரல் உயர்ந்தால் சந்தோஷம் என்று அர்த்தம்.

"நல்லா இருக்கே இது! ஆனா ஒண்ணு. மேசை மேல வச்சுக் காயப்போட்டா அடியில காத்துப் போகாதே. ஈரம் நிக்கும். ரெண்டு பக்கமும் மடிச்சு விடுங்க, கால் மாதிரி. தானா எழும்பி நிக்கட்டும்."

"சரி டாக்டர்!"

"அந்த ரெண்டு பக்கச் செய்முறைத் தாள்?"

"கிழிச்சுட்டேன் டாக்டர்."

புதிய தாளில் இருந்தது ஒரே வரி: ஒரு சொட்டு விடுங்கள், திருப்பிப் பாருங்கள், வெள்ளை தெரிந்தால் அடுத்த புள்ளி. மிச்சமெல்லாம் சின்னவள் வரைந்த படங்கள். அவற்றில் ஒரு பூனையும் இருந்தது. அது அட்டையை ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டு கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தது. அட்டைகள் அச்சாகி வந்ததும், "முதல்ல நம்ம பழைய கேடிங்களுக்கு அனுப்புவோம். அவங்க பாஸானா ஊரே பாஸ்" என்றார் பதிவு மேசைக்காரர். இஸ்திரி அம்மாளுக்குப் போயிற்று. பூனைக்காரருக்குப் போயிற்று. ஜெராக்ஸ் கடைக்காரருக்குப் போயிற்று. மற்ற எல்லோருக்கும் போயிற்று. சின்னவளுக்கும் ஒன்று.

டாக்டர் சொன்ன அந்தக் கடைசித் தவணை அதுதான். உறைகள் வந்து சேர்ந்த காலையில் அவள் டீயைக்கூடத் தொடவில்லை. முதல் அட்டையைத் திருப்பினாள். ஜன்னல்கள் சிவப்பு. பச்சைத் தட்டு. அடுத்தது, பச்சைத் தட்டு. அடுத்ததில் ஒரு ஜன்னலில் வெள்ளை தெரிந்தது. ஆனால் அந்த ஆள் அதை அப்படியே விட்டுவிட்டு அடுத்த புள்ளிக்குப் போயிருந்தார். தங்கமான மனுஷன் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே பச்சைத் தட்டில் வைத்தாள். ஈரத்தில் மூடிய அட்டை ஒன்று வந்தது, விரலைப் பிழிந்தது ஒன்றிரண்டு வந்தன. அவை சிவப்புத் தட்டுக்குப் போயின. ஆனால் சொட்டின் மேல் சொட்டு? தேடிப் பார்த்தாலும் கிடைக்கவில்லை. பச்சைத் தட்டு போதாமல் இன்னொரு தட்டு கொண்டுவரச் சொன்னாள்.

"ஜெராக்ஸ் கடைக்காரர் அனுப்பியிருக்கார்!" என்று பதிவு மேசைக்காரர் ஓடிவந்தார். அட்டை அப்பழுக்கில்லாமல் இருந்தது. மனிதர் உறையை மட்டும் லேமினேட் செய்திருந்தார்.

கூடமே சிரித்தது. சத்தம் கேட்டுப் பெரிய டாக்டர் வந்து தட்டுகளைப் பார்த்தார். பச்சைத் தட்டிலிருந்து ஓர் அட்டையை எடுத்துத் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மறுபடி வைத்தார். "அட்டை நிக்காது. தொடரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சின்னவளுடைய அட்டை எது? அதுவும் இவற்றில்தானே இருந்திருக்கும். இரண்டு பச்சைத் தட்டுகளையும் ஒரு பார்வை பார்த்தாள். எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. எது தங்கையுடையது, எது பூனைக்காரருடையது என்று அவளால் சொல்ல முடியவில்லை.

கைப்பேசி அடித்தது.

"அக்கா! ஏற்கப்பட்டதுன்னு மெசேஜ் வந்திருக்கு! நீ பாத்தியா என் அட்டையை? எப்படி இருந்துச்சு?"

"தெரியலைடி."

"என்னது, தெரியலையா?"

"சத்தியமா தெரியலை. எது உன்னுதுன்னே கண்டுபிடிக்க முடியலை." சொல்லும்போதே கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. அது துக்கமில்லை. இந்தத் தடவை நெஞ்சில் வந்து நின்ற நிம்மதிக்காக வெட்கப்பட வேண்டியிருக்கவில்லை. "போடி. பெட்டியைக் கட்டு."

சின்னவளின் மருந்து அளவும் சரியாக வந்தது. அதற்குப் பிறகும் அட்டைகள் ஒழுங்காகத்தான் வந்தன. பள்ளி திறக்குமுன் சின்னவள் பஸ் ஏறினாள். அம்மா ஜன்னல் வழியாகப் பொட்டலம் மேல் பொட்டலமாகத் திணித்தாள். அக்கா ஒரே ஒரு பொட்டலம் கொடுத்தாள், அது முழுக்க அட்டைகள். மாத்திரையை மறக்காதே, தண்ணீரைக் காய்ச்சிக் குடி, குளிரில் சுற்றாதே என்று சொல்ல வாய் வரை வந்ததையெல்லாம் விழுங்கிக்கொண்டு, "நல்லா வரை" என்று மட்டும் சொன்னாள். சின்னவள் ஆச்சரியத்தில் தலையை வெளியே நீட்டி, பஸ் திரும்பும் வரை பார்த்துக்கொண்டே போனாள்.

மலையிலிருந்து முதல் உறை வந்த அன்று பதிவு மேசைக்காரர் அட்டையை மற்ற அட்டைகளோடு வரிசையில் வைத்துவிட்டு, உறையை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டு வந்தார். அதன் முதுகில், மடிப்புக்குக் கீழே கிடைத்த இத்தனூண்டு இடத்தில், மலை ஒன்று வரைந்திருந்தது. மலை உச்சியில் இரண்டு கால் முளைத்த ஒரு சிறுநீரகம் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றது. பக்கத்தில் ஒரு வெள்ளை வட்டம், உள்ளே ஒன்றும் நிரப்பாமல்.

அவள் போன் போட்டாள்.

"வந்துடுச்சாக்கா? என் வகுப்பு அஞ்சாவது மாடி உயரத்துல இருக்கு, தெரியுமா? முதல் நாளே உன் கிட்னியை அவ்வளவு படியும் ஏத்திக் கூட்டிட்டுப் போனேன்!"

"மூச்சு வாங்குச்சா?"

"எனக்கு வாங்குச்சு. அது ஜம்முனு இருக்கு."

"அப்படித்தான் இருக்கும். யாரு கிட்னி!" என்றாள் அவள். பிறகு தன்னைத் திருத்திக்கொண்டாள். "உன் கிட்னிடி அது. நல்லாப் பாத்துக்கோ."

மறுமுனையில் குழந்தைகள் கத்துகிற சத்தம் கேட்டது. "சரிக்கா" என்றாள் சின்னவள்.

"என்ன தள்ளுபடி, வேலை நடக்குதா, கதை நடக்குதா?" என்று பதிவு மேசைக்காரர் குரல் கொடுத்தார். அவள் போனை வைத்தாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டாள், வரிசையில் இருந்த அடுத்த அட்டையை எடுத்தாள். யாருடையதோ. திருப்பிப் பார்த்தாள். ஜன்னல் முழுக்கச் சிவப்பாக இருந்தது. பச்சைத் தட்டில் வைத்தாள்.